தலைச்சாயமும் பதினேழாவது பேட்ச்சும்

அக்டோபர் 14

அவமானத்தை முதலில் எழுதிவிட்டால் மற்றது சுலபமாக வரும். இன்று மத்தியானம் பியூட்டி பார்லரில், தலை முழுக்கக் கருப்புச் சாயத்தோடு, பிளாஸ்டிக் தொப்பி போட்டுக்கொண்டு, போனில் ஒரே விரலால் இருபத்துமூன்று பேட்ச்களுக்கு ‘பரிசீலித்தவர்: அம்சவேணி’ என்று முத்திரை குத்திவிட்டேன். முதல் இரண்டைப் படித்தேன். மூன்றாவதைத் திறக்கும்போது பார்லர் கல்பனா, எதிர்ச் சாரி வீட்டு விவாகரத்துக் கதையை ஆரம்பித்துவிட்டாள். நெட்வொர்க் டிரைவரா, விவாகரத்தா என்றால் மனுஷி எதைத்தான் கவனிப்பாள்?

இந்த டைரியை என் வீட்டுக்காரர் திருட்டுத்தனமாகப் படிப்பார் என்பதால் அவருக்காக ஒரு விளக்கம். கணினிக்குள் ஒரு வலையட்டை இருக்கும். கணினி பேசுவது அதற்குப் புரியாது. நடுவில் நின்று இரண்டு பேருக்கும் பேசிக் கொடுக்கிற நிரலுக்கு டிரைவர் என்று பெயர். எங்களுடையது மாதிரித் திறந்த மூல நிரலில் உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதைப் பிரித்துப் பார்த்துத் திருத்தம் அனுப்பலாம். அந்தத் திருத்தம்தான் பேட்ச். வந்ததைப் படித்து, தன் பெயரைப் போட்டு, தன் கிளையில், அதாவது தன் பொறுப்பிலுள்ள நிரல் பிரதியில், சேர்ப்பவர் பராமரிப்பாளர். யாரும் சீந்தாத ஒரு பழைய வலையட்டைக்கு நான் பராமரிப்பாளர். சம்பளம் கிடையாது. என் நாத்தனார் இன்னமும் நான் கால்டாக்ஸி ஓட்டுகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நானும் மறுப்பதில்லை, அதில் ஒரு கெத்து இருக்கிறது.

இந்த இருபத்துமூன்றையும் அனுப்பியவர் யானிஸ். லாத்வியாக்காரர், கடிதத்தில் அவ்வளவு பதவிசு. அனுப்பியதெல்லாம் துப்புரவு வேலை: உபயோகமில்லாத வரியை எடுப்பது, கோணலாக நிற்பதை நேராக்குவது. ஒட்டடை அடிக்க வந்தவர் சுவரையா இடித்துவிடப் போகிறார்?

சாயம் நன்றாகப் பிடித்திருக்கிறது. காதோரம் மட்டும் கொஞ்சம் கருப்பாக அப்பியிருக்கிறது.

அக்டோபர் 16

எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்!

மூன்று வருடம் முன்னால் அல்லியேரி நிரம்பி, எங்கள் நகரில் கீழ்வீட்டுக்காரர்களின் கட்டில் வரை தண்ணீர் ஏறியது. அதிலிருந்து குடியிருப்போர் சங்கத்தில் ஒரே பேச்சு, ஏரி நிரம்பினால் சைரன் அடிக்க வேண்டும் என்று. ஏரித் தண்ணீர் வழிந்து வெளியேறும் கலங்கல் பக்கத்தில் ஒரு பம்பு அறை இருக்கிறது. அங்கே ஒரு மிதவை, ஒரு கணினிப் பெட்டி. அங்கிருந்து சங்க ஆபீஸ் மாடியில் இருக்கும் சைரனுக்கு ஒரு வயர். சிவப்புக் கோட்டைத் தண்ணீர் தொட்டால் பெட்டி சைரனிடம் சொல்லும், சைரன் ஊருக்கே சொல்லும். பெட்டி நான் கொடுத்தது. அதற்குள் இருப்பது என்னுடைய பழைய வலையட்டை. என்னுடைய டிரைவர். என் கிளையில் எது சேர்ந்தாலும் அன்றைக்கே தானாக இழுத்துக்கொள்ளும்படி வேறு வைத்திருக்கிறேன். வீட்டில் சுட்ட பலகாரத்தைச் சூடு ஆறாமல் பரிமாறுகிற மாதிரி.

சங்கச் செயலாளர் சாம்பசிவம் சார், டெலிபோன் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர், மைக்கைப் பிடித்தால் விடமாட்டார். பாதி நேரம் தன்னுடைய மின்சார ஸ்கூட்டரைப் பற்றிப் பேசினார். “வாங்கி ஆறு மாசம் ஆச்சுங்க. வீட்டு மீட்டர்ல ஒரு யூனிட் கூட ஏறல. அதுதான் டெக்னாலஜி!” என்றார். எல்லாரும் கை தட்டினோம். சாவியையும் பாஸ்வேர்டையும் மேடையிலேயே அவரிடம் ஒப்படைத்தேன்.

எனக்கும் மைக் கொடுத்தார்கள். அதுதான் தப்பு. “அந்த கார்டுக்கு உலகம் பூரா டிரைவர் பாத்துக்கறது நான்தாங்க. என் கண்ணுல படாம ஒரு வரி உள்ள போகாது” என்று சொல்லிவிட்டேன்.

முன்வரிசையில் கேத்தரின் டீச்சர், சக்கர நாற்காலியில். இடுப்பெலும்பு உடைந்து ஆபரேஷன் ஆனவர், தனியாக இருக்கிறார், வீடு ஏரித் தெருவில், தரைத்தளம். என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். “அப்ப இந்த மழைக்கு நான் நிம்மதியா தூங்கலாம்னு சொல்ற.”

“தாராளமா தூங்குங்க டீச்சர்” என்றேன்.

அக்டோபர் 21

யானிஸின் இருபத்துமூன்றையும் கிளையில் சேர்த்தாயிற்று. அரைமணி வேலை. பிறகு முறுக்கு மாவு பிசைந்தேன்.

அக்டோபர் 23

சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது ஒரு கடிதம். சிலி நாட்டில் ஒருவர், என் கிளையைச் சுடச்சுட எடுத்துப் போடுகிறவர். “புதியதைப் போட்டதிலிருந்து அட்டை கொஞ்ச நேரம் வேலை செய்கிறது, பிறகு ஊமையாகிவிடுகிறது. விளக்கு எரிகிறது, பேச்சு இல்லை.”

வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டு இருபத்துமூன்றையும் படித்தேன். இந்தத் தடவை நிஜமாகவே.

பதினேழாவதில் இருந்தது. டிரைவரில் ஒரு வரி, அட்டையிடம் ‘எப்படி இருக்கிறாய்’ என்று கேட்டுப் பதிலை வாங்கி ஒரு ஓரத்தில் போடும். அந்தப் பதிலை அதற்குப் பிறகு யாருமே எடுத்துப் பார்ப்பதில்லை. பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் வெட்டி வரியாகத்தான் தெரியும். யானிஸுக்கும் தெரிந்தது. எடுத்துவிட்டார். ஆனால் இந்த அட்டைக்குப் பதில் முக்கியமில்லை, கேட்பதுதான் முக்கியம். கேட்டால்தான் அடுத்த வேலைக்கு நகரும். கேட்காவிட்டால் கோபித்துக்கொண்டு வாயை மூடிக்கொள்ளும். கிட்டத்தட்ட என் வீட்டுக்காரர் மாதிரி.

இது எனக்குத் தெரியும். பல வருடமாகத் தெரியும். படித்திருந்தால் ஒரே பார்வையில் பிடித்திருப்பேன்.

அப்புறம்தான் பம்பு அறைப் பெட்டி ஞாபகம் வந்தது. சாம்பார் உப்பில்லாமல் போனது.

அக்டோபர் 24

ஒன்றுமில்லை. அந்த வரி இருந்த இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 26

வரியைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். காரணத்தில், ‘பரிசீலனையின்போது இது கவனிக்கப்படாமல் போயிற்று’ என்று எழுதினேன். என்ன அழகான வாக்கியம்! கவனிக்காத ஆள் அதில் எங்குமே இல்லை.

ஆனால் பெட்டிக்கு அது போய்ச் சேராது. ஊமையான பெட்டி மருந்தை எப்படி இழுத்துக்கொள்ளும்? வீட்டுக் கணினியிலிருந்தே ‘இருக்கிறாயா’ என்று அதைத் தட்டிப் பார்த்தேன். பதில் இல்லை. மறுபடி தட்டினேன். இல்லை.

நடைப்பயிற்சி என்று சொல்லிவிட்டுக் கலங்கலுக்குப் போனேன். பம்பு அறை பூட்டியிருந்தது. ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். உள்ளே கும்மிருட்டு, கீழே மூலையில் ஒரு சின்னப் பச்சை விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது. சிலிக்காரர் எழுதியது அப்படியே. விளக்கு எரிகிறது, பேச்சு இல்லை. என் பெட்டி செத்துவிட்டது. கொன்றது நான்.

அக்டோபர் 27

சாம்பசிவம் சார் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

“சார், பம்பு ரூம் சாவி கொஞ்சம் வேணும். பெட்டிக்குத் தூசி தட்டணும்.”

“தூசியா? திறந்து பத்து நாள்தான் மேடம் ஆகுது.”

“ஏரிக்கரை பாருங்க, மண்ணு பறக்கும்.”

“சங்கத்துச் சொத்து மேடம். செயற்குழு தீர்மானம் இல்லாம நானே உள்ள போக மாட்டேன்.”

“இல்ல சார், பெட்டி பதில் சொல்ல மாட்டேங்குது. வீட்டுலேர்ந்து பாத்தேன்.”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அதெல்லாம் நல்லா இருக்கு. நேத்துகூட உள்ள போய் பாத்தேன். ஜம்முனு ஓடுது.”

எவ்வளவு அக்கறையான மனிதர்! நேற்றுகூடப் போய்ப் பார்த்திருக்கிறார். எனக்கு உயிர் வந்தது. வீட்டுக்கு வந்து மறுபடி தட்டிப் பார்த்தேன். பதில் இல்லை. வந்த உயிர் போய்விட்டது. பாவம், விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு ஓடுகிறது என்று நினைத்திருப்பார்.

உண்மையைச் சொல்லியிருந்தால் சாவி கிடைத்திருக்கும். ‘சார், தலைக்குச் சாயம் அடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டேன்’ என்று. பொன்னாடை இன்னும் பீரோவில் மடிப்புக் கலையாமல் இருக்கிறது.

அக்டோபர் 30

யானிஸிடமிருந்து கடிதம். “அன்புள்ள அம்சா, என்னால் தொந்தரவு, மன்னிக்கவும். உங்களைப் போன்ற அனுபவசாலி பார்த்துவிட்டார் என்பதால் நான் சோதிக்கவில்லை. பரிசீலிக்கும்போது அந்த வரி உங்களுக்கு எப்படித் தோன்றியது? கற்றுக்கொள்வதற்காகக் கேட்கிறேன்.”

கிண்டலாக எழுதியிருந்தால்கூடத் தாங்கிக்கொள்வேன். இந்த மனிதர் நிஜமாகவே கற்றுக்கொள்ளக் கேட்கிறார். பதில் போடவில்லை.

நவம்பர் 4

வானிலைக்காரர் வங்கக்கடலில் விரலால் ஒரு வட்டம் போட்டார். நான் டிவியை அணைத்துவிட்டேன். அணைத்தால் வட்டம் போய்விடுமா?

நவம்பர் 8

மழை.

நவம்பர் 9

மழை. துணி காயவில்லை. மின்விசிறிக்குக் கீழே கொடி கட்டி, வீடு முழுக்க இவருடைய பனியன்கள் தூக்கில் தொங்குகின்றன. அதற்கு நடுவில் நடக்கும்போது எனக்கு நல்ல நினைப்பாக ஒன்றும் வரவில்லை.

இவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, “வேணி, உனக்கு என்ன ஆச்சு? பத்து நாளா யாரப் பத்தியும் வம்பு பேசல. பயமா இருக்கு” என்றார்.

“ஒண்ணுமில்லீங்க.”

“படிக்காம கையெழுத்து போடறதெல்லாம் நம்ம வீட்டுல புதுசா? ஹவுசிங் லோன் பேப்பர நான் இன்னும் படிக்கல.”

டைரியைப் படித்திருக்கிறார்! சண்டை போட்டிருக்க வேண்டும். அழுகைதான் வந்தது. பனியனில் துடைத்துக்கொண்டேன்.

“போய் சாம்பசிவத்துகிட்ட சொல்லிடு” என்றார்.

“நாளைக்கு” என்றேன்.

நவம்பர் 11

நேற்றும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக வேறொரு தந்திரம் செய்தேன். கேத்தரின் டீச்சருக்கு ரசமும் அப்பளமும் எடுத்துக்கொண்டு போனேன். தெருவில் கணுக்கால் தண்ணீர். அது மழைத் தண்ணீர், ஏரித் தண்ணீர் இல்லை. டீச்சர் கட்டிலில் சாய்ந்து சுடோக்கு போட்டுக்கொண்டிருந்தார், பேனாவால். பென்சிலெல்லாம் தெரியாதவர்களுக்காம்.

“டீச்சர், ரெண்டு நாள் எங்க மாடியில வந்து இருங்களேன். பேச்சுத் துணையா இருக்கும்.”

“உன் பேச்சுக்கா? என் இடுப்பே போதும்டி வலிக்கறதுக்கு.”

“மழை ரொம்ப இருக்கே…”

“இருக்கட்டும். சைரன் இருக்குல்ல? சத்தம் கேட்டா பக்கத்து வீட்டுப் பசங்க நாலு பேர் வந்து தூக்கறதா ஏற்பாடு. எல்லாம் உன் தைரியத்துலதான்.” பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “அம்சு, இந்த மழையில உனக்கு ஏன் வேர்க்குது?”

“ரசம் சூடு டீச்சர்.”

“ரசம் நீ குடிக்கலயே.”

எழுந்து வந்துவிட்டேன். படிதாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். கட்டிலின் கால் உயரத்தைக் கண்ணால் அளந்தேன். முழங்கால் இருக்கும்.

நவம்பர் 12

மாலை. மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து என்னுடையது மாதிரியே இல்லை.

காலையில் மழை விட்டிருந்தது. எனக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது. ஏரி நிரம்புவது மழை விட்ட பிறகுதானே. குடையை எடுத்துக்கொண்டு கலங்கலுக்கு நடந்தேன். தூரத்திலிருந்தே சத்தம் கேட்டது, யாரோ பெரிய பாயை விடாமல் இழுக்கிற மாதிரி. பக்கத்தில் போய்ப் பார்த்தால் சிவப்புக் கோடு இல்லை. தண்ணீருக்கு அடியில் எங்கேயோ இருக்கிறது. மிதவை மேலே ஏறிக் கோணலாக நிற்கிறது. அது தன் வேலையைச் செய்துவிட்டது. பம்பு அறைக் கதவின் இடுக்கில் தண்ணீர் நுழைந்துகொண்டிருந்தது.

காதைத் தீட்டி நின்றேன். காக்கை கத்தியது. சைரன் இல்லை.

ஓடினேன். ஐம்பத்திரண்டு வயசில், ஒரு செருப்போடு. சாம்பசிவம் சார் வீட்டுத் திண்ணிய இரும்புக் கேட்டை இரண்டு கையாலும் அடித்தேன். அவர் வெளியே வருவதற்குள் அக்கம்பக்கத்து ஜன்னல்கள் எல்லாம் திறந்துவிட்டன.

“ஏரி உடையப்போகுதா மேடம்?”

“வழியுது சார்! சைரன் அடிக்காது! பெட்டி செத்துப்போச்சு, நான்தான்… படிக்காம கையெழுத்து போட்டுட்டேன். இருபத்துமூணுல ரெண்டுதான் சார் படிச்சேன். தலைக்கு டை அடிச்சிட்டிருந்தேன்!”

பொன்னாடை போர்த்திய அதே ஜனங்கள் முன்னால். ஒரு அம்மா, “என்ன டை?” என்று வேறு கேட்டார்.

சாம்பசிவம் சார் முகம் என்னைவிட வெளிறிப் போயிற்று. “பம்பு ரூம் உள்ள தண்ணி போயிடுச்சா?” என்றார். “போயிடுச்சு சார்.” அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டார். சைரன் மேல் அந்த மனிதருக்கு அவ்வளவு பாசம்.

நாங்கள் ஏரித் தெருவுக்குள் போகும்போது தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. இது பழுப்புத் தண்ணீர், இழுக்கிற தண்ணீர். டீச்சர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சுடோக்குப் புத்தகம் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது.

“சைரன் அடிக்கலயே?” என்றார்.

“அடிக்காது டீச்சர். நான் படிக்கலை டீச்சர். எல்லாரையும் ஏமாத்திட்டேன், அந்த வரிய…”

“அம்சு. திட்டறத அப்புறம் வெச்சுக்கறேன். முதல்ல என்னைத் தூக்கு.”

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும், சத்தம் கேட்டு ஓடிவந்த என் வீட்டுக்காரருமாகத் தூக்கினார்கள். நான் நாற்காலியின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டேன்; உதவியா உபத்திரவமா என்று தெரியாது. வழியெல்லாம் டீச்சர் கண்ணை மூடி, உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். எங்கள் மாடிப்படியில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது அவர் வீட்டு ஜன்னலின் பாதியைக் காணவில்லை.

இப்போது எங்கள் கட்டிலில் தூங்குகிறார். நான் தூங்கவில்லை. இன்னும் ஒரு கால்மணி நேரம் தாமதமாக ஓடியிருந்தால்? எழுதவே பயமாக இருக்கிறது.

நவம்பர் 16

கரண்ட் வந்தது. முதல் வேலையாக யானிஸுக்கு, அஞ்சல் பட்டியலில், உலகமே படிக்கிற இடத்தில் எழுதினேன். “அந்த வரி எனக்கு எப்படியும் தோன்றவில்லை. நான் அதைப் படிக்கவே இல்லை. படித்ததாகப் பெயர் போட்டேன். தப்பு உங்களுடையது இல்லை. அதை நம்பிய ஒரு சைரன் என் ஊரில் அடிக்கவில்லை.” பார்லரையும் எழுதினேன். விவாகரத்தை மட்டும் விட்டுவிட்டேன். அது அடுத்தவர் குடும்ப விஷயம்.

டீச்சர் கட்டிலிலிருந்து, “அனுப்பிட்டியா? இப்ப திட்டலாமா?” என்றார். நிதானமாக, முழுசாகத் திட்டினார். கணக்கு டீச்சர், ஒரு படியைக்கூடத் தாண்டவில்லை.

நவம்பர் 19

சங்கக் கூட்டம். பொன்னாடையைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன், திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடலாம் என்று. யார் யாரோ எழுந்து கேட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

காப்பாற்றியது சாம்பசிவம் சார். “விடுங்கப்பா! மனுஷங்கன்னா தப்பு நடக்கும். மேடம் பெரிய மனசோட ஒத்துக்கிட்டாங்க. இதோட இந்தப் பேச்ச முடிச்சுக்குவோம்” என்றார். பம்பு அறையைக்கூட இப்போதைக்கு யாரும் திறக்க வேண்டாம், மின்கசிவு இருக்கும் என்று எச்சரித்தார். சாவியும் வெள்ளத்தில் போய்விட்டதாம். அவருடைய ஸ்கூட்டரும் வீணாகிவிட்டதாம், பாவம். எங்கே சார் நிறுத்தியிருந்தீர்கள் என்று ஆறுதலாகக் கேட்டேன்; கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இத்தனை நாள் அவருடைய பேச்சைக் கேலி செய்ததற்கு வெட்கப்படுகிறேன்.

நவம்பர் 20

யானிஸ் பதில். “நன்றி, அம்சா. இதுவரை யாரும் எனக்கு இவ்வளவு உண்மையாக எழுதியதில்லை.” கீழே பதினொரு புதிய பேட்ச்கள். ஒவ்வொன்றாகப் படித்தேன். இரண்டைத் திருப்பி அனுப்பினேன். கல்பனா போன் செய்தாள், எடுக்கவில்லை.

நவம்பர் 23

நகராட்சி ஆட்கள் வந்து பம்பு அறைப் பூட்டை உடைத்தார்கள். என் பெட்டியை எடுத்துக்கொள்ள நானும் போனேன். சுவரில் பிளக் பாயிண்ட் ஒன்றே ஒன்றுதான். பெட்டியின் வயர் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, பெட்டி மேலேயே வைக்கப்பட்டிருந்தது. பிளக்கில் சொருகியிருந்தது ஒரு ஸ்கூட்டர் சார்ஜர், மூலையில் சின்னப் பச்சை விளக்கு பதித்தது. அதன் மறுமுனையில் சேறு அப்பிய ஒரு ஸ்கூட்டர்.

பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, வெயிலில் காயவைத்து, அது தானாகவே எழுதிவைக்கும் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். அது கடைசியாக உயிரோடு இருந்தது அக்டோபர் 16 சாயங்காலம். பதினேழாவது பேட்ச்சை நான் சேர்த்தது 21.